ஒன்பதாம் நம்பர் சட்டைக்குத் திருஷ்டி பட்டதா?

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ராத்திரி பன்னிரண்டரைக்கு மேல் கண் விழித்து ஐரோப்பியக் கால்பந்து பார்ப்பவர் போலிருக்கிறது. "கோடி கோடியாகக் கொட்டி ஒருவரை வாங்குகிறார்கள். இரண்டே வருஷத்தில் அவர் எங்காவது போனால் போதும் என்கிறார்கள். வாங்கும்போது கண் தெரியாதா? தெரிந்த பிறகும் ஏன் கழற்றிவிட முடியவில்லை?" இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரண்டாவதற்குப் பதில் சட்டத்திலும் கணக்குப் புத்தகத்திலும் கிடைக்கும், அதிக நேரம் ஆகாது. முதல் கேள்வி சுத்தமான புள்ளியியல். எனக்குப் பிடித்ததும் அதுதான் என்பதால் அங்கே கொஞ்சம் இழுப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேலத்துக்காரர்களுக்கு இந்த விஷயம் கிரிக்கெட் வழியாகத்தான் அறிமுகம். சின்னப்பம்பட்டி நடராஜனை 2017-இல் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. அடிப்படை விலை வெறும் 10 லட்சம். அடுத்த ஆண்டு ஏலத்தில் ஐதராபாத் அவரை 40 லட்சத்துக்கு வாங்கியது. பிறகு யார்க்கர்களால் பெயர் வாங்கி, இந்தியாவுக்கு ஆடி, 2025 சீசனுக்கு டெல்லி அணிக்கு 10.75 கோடிக்குப் போனார். அந்த சீசனில் அவர் ஆடியது இரண்டே ஆட்டம். காசு கொடுத்தும் ஆட வைக்காமல் உட்கார வைப்பது ஐபிஎல்லிலும் உண்டுதான். ஆனால் ஒவ்வொரு சீசன் முடிவிலும் வேண்டாதவரை விடுவித்துவிடலாம். பாரம் அத்தோடு இறங்கிவிடும்.

கால்பந்தில் அப்படி இறக்கிவைக்க முடியாது. ஐந்து வருஷம் என்று கையெழுத்துப் போட்டால் ஐந்து வருஷமும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஆட்டம் சரியில்லை என்பது ஒப்பந்தத்தை முறிக்க நியாயமான காரணம் ஆகாது. தொல்லை கொடுத்துத் தானாகவே ஓட வைக்கலாம் என்றாலும் ஃபிஃபா விதியில் இடமில்லை. அப்படி நெருக்குதல் கொடுத்தால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை ஆட்டக்காரருக்கே போய்விடும். ஆகவே மிச்சம் இருப்பது பெரும்பாலும் இரண்டே வழி: வேறு கிளப் அதே சம்பளத்துக்கு அவரை எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது அவரே குறைந்த சம்பளத்துக்குச் சம்மதிக்க வேண்டும். யார் சம்மதிப்பார்கள்? நெதர்லாந்தின் வின்ஸ்டன் போகார்ட் 2000-இல் லண்டன் கிளப்பான செல்சீயில் நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தார். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அவர் வேண்டாம் என்றாகிவிட்டது. மனிதர் நகரவில்லை. தினமும் பயிற்சிக்கு வந்தார், சம்பளம் வாங்கினார், நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு டஜன் ஆட்டம் ஆடினார், 2004-இல் ஒப்பந்தம் முடிந்ததும் கிளம்பினார். அவரைப் பேராசைக்காரர் என்று ஊரே திட்டியது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் மட்டும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினால் அவரைத் திட்டுவது என்ன நியாயம்?

சரி, முதல் கேள்விக்கு வருவோம்.

ஐரோப்பாவின் பெரிய லீகுகளில் கோலை நோக்கி அடிக்கும் பத்து ஷாட்டில் ஏறத்தாழ ஒன்றுதான் உள்ளே போகிறது. கோல் அடிப்பதே முக்கிய வேலையான ஒரு நல்ல ஸ்ட்ரைக்கரை எடுத்துக்கொள்வோம். அவர் ஒரு சீசனில் 100 ஷாட் அடிக்கிறார், ஒவ்வொன்றும் கோலாக 15 சதவீத வாய்ப்பு. சராசரியாக 15 கோல். ஆனால் ஒவ்வொரு சீசனும் சரியாக 15 வராது. பந்து கம்பத்தில் பட்டு உள்ளே விழலாம், வெளியே தெறிக்கலாம். எதிரணிக்காரர் முழங்காலில் பட்டுத் திசை மாறலாம். பள்ளியில் படித்த ஈருறுப்புப் பரவலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: 100 × 0.15 × 0.85 என்பது 12.75. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 3.6. இதுதான் திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு தள்ளிப்போகும் என்ற அளவு. ஆக, திறமை துளியும் மாறாமல் இருந்தாலே, மூன்றில் இரண்டு பங்கு சீசன்களில் அவர் 12 முதல் 18 கோல் வரை எங்கு வேண்டுமானாலும் நிற்பார். மிச்ச சீசன்களில் அதற்கும் மேலே அல்லது கீழே.

இப்போது இதே திறமையுள்ள 20 ஸ்ட்ரைக்கர்களை வரிசையில் நிறுத்துங்கள். எல்லோரும் அச்சு அசல் ஒரே மாதிரி. சீசன் முடிவில் பட்டியலின் உச்சியில் இருப்பவர் சுமார் 22 கோல் அடித்திருப்பார், அடியில் இருப்பவர் 8 அல்லது 9. திறமையில் இருவருக்கும் மயிரிழை வித்தியாசம் கூடக் கிடையாது. ஆனால் ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் கோடைக்காலச் சந்தை திறக்கும்போது எல்லா கிளப்பும் யார் வாசலில் நிற்கும்? அந்த 22-காரர் வாசலில். கொடுப்பது 22 கோலுக்கான விலை. அடுத்த சீசனில் அவரிடம் நியாயமாக எதிர்பார்க்க வேண்டியது 15. அவர் சோம்பேறி ஆகவில்லை, பணம் வந்ததும் தலைக்கனம் ஏறவில்லை, புது ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் போகவில்லை. அவர் எப்போதும் இருந்த இடத்துக்கே திரும்பியிருக்கிறார். அதிர்ஷ்டம்தான் கூட வரவில்லை.

நம்ப முடியாவிட்டால் கணினியில் ஒரு விரிதாளைத் திறந்து, சமவாய்ப்பு எண்களை நிரப்பி நீங்களே ஓட்டிப் பாருங்கள். முதல் சீசனின் உச்சக்காரரைக் குறித்துக்கொண்டு இரண்டாவது சீசனில் அவர் எங்கே நிற்கிறார் என்று தேடுங்கள். எத்தனை தடவை ஓட்டினாலும் எனக்கு அலுப்பதில்லை.

இதற்குச் சராசரிக்குத் திரும்புதல் என்று பெயர். பிரான்சிஸ் கால்டன் 1886-இல் வெளியிட்டார். 205 தம்பதிகள், அவர்களின் வளர்ந்த பிள்ளைகள் 928 பேர். அவர்களின் உயரங்களை ஒப்பிட்டபோது, மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாக இருந்தாலும் பெற்றோர் அளவுக்கு இல்லை என்று கண்டார். மிகக் குள்ளமானவர்களின் பிள்ளைகள் அந்த அளவுக்குக் குள்ளமாக இல்லை. எதையும் உச்சியில் இருக்கும்போது பொறுக்கி எடுத்தால், அந்த உச்சியில் கொஞ்சம் தற்செயலும் கலந்திருக்கும். மறுமுறை அளக்கும்போது தற்செயல் உதிர்ந்துவிடும்.

நம் வீடுகளில் இதற்குக் கால்டனுக்கு முன்பிருந்தே வேறு பெயர் உண்டு: திருஷ்டி. வழக்கமாக எண்பதுகளில் மார்க் வாங்கும் பையன் காலாண்டில் 96 வாங்குகிறான். கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லாம் வியக்கிறார்கள். அரையாண்டில் 82. "கண்ணு பட்டுப் போச்சு" என்கிறார் பாட்டி. 96-ஐ யாராவது வியந்தாலும் வியக்காவிட்டாலும் அடுத்தது 82-க்குப் பக்கத்தில்தான் வந்திருக்கும். வேடிக்கை என்னவென்றால், இதன் மறுபக்கமும் வேலை செய்கிறது. ஒரு பரீட்சையில் 70-க்கு விழுந்தால் உப்பு, மிளகாய் சுற்றி அடுப்பில் போடுகிறோம். அடுத்த பரீட்சையில் 83. பலித்துவிட்டது! விழுந்தபோது மட்டும் வைத்தியம் செய்தால் எல்லா வைத்தியமும் பலிக்கும். மருந்தை ஆராயும்போது மருந்து கொடுக்காத ஒரு குழுவையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இதனால்தான். உப்பு சுற்றுவதில் பெரிய நஷ்டம் இல்லை. இதே தர்க்கத்தில் வாஸ்து, ராசிக்கல் என்று ஆயிரக்கணக்கில் கறக்கிறார்களே, எனக்கு அதுதான் எரிச்சல்.

படித்தவர்கள் நடத்தும் ஐரோப்பிய கிளப்புகள் மட்டும் என்ன? வழக்கமாக முக்கிய ஸ்ட்ரைக்கர் போடுவது 9-ஆம் எண் சட்டை. செல்சீயில் அந்தச் சட்டைக்குச் சாபம் இருக்கிறதாம். 2022-இல் அன்றைய பயிற்சியாளர் தாமஸ் டூகலே, அந்த எண்ணைத் தொட ஆளில்லை, சபிக்கப்பட்டது என்கிறார்கள் என்று பாதி விளையாட்டாகச் சொன்னார். பட்டியலைப் பாருங்கள். லிவர்பூலில் ஒரே லீக் சீசனில் 24 கோல் அடித்திருந்த ஃபெர்னாண்டோ டோரஸ், 2011-இல் 5 கோடி பவுண்டுக்கு வந்தார். செல்சீக்காக 110 லீக் ஆட்டங்களில் 20 கோல். இன்டர் மிலானில் 24 லீக் கோல் அடித்துக் கோப்பையும் வென்ற ரொமேலு லுகாகு, 2021-இல் சுமார் 9.75 கோடி பவுண்டுக்கு வந்தார். அந்த சீசனில் 8 லீக் கோல். ஆனால் நடுவில் டாமி ஏப்ரகாம் அதே 9-ஐப் போட்டுக்கொண்டு 2019–20-இல் 15 லீக் கோல் அடித்ததை யாரும் சொல்வதில்லை. சாபம் அவருக்கு மட்டும் விலக்கு கொடுத்ததா? அவர் செல்சீயின் சொந்த அகாடமிப் பையன். யாரும் அவரை உச்சத்தில் வைத்து வாங்கவில்லை.

இங்கே ஒரு நேர்மையான எச்சரிக்கை. எல்லாமே அதிர்ஷ்டக் கணக்கு இல்லை. டோரஸுக்கு முழங்கால் பிரச்சினை இருந்தது. லுகாகுவுக்கும் டூகலுக்கும் ஒத்துப்போகவில்லை. வயது, அணியின் ஆட்டமுறை எல்லாம் சேரும். ஆனால் இவை எதுவுமே இல்லாவிட்டாலும் சரிவு வந்தே இருக்கும் என்பதுதான் விஷயம். விவரம் தெரிந்த கிளப்புகள் இப்போது கோல் எண்ணிக்கையை விட்டுவிட்டு, எந்த இடத்திலிருந்து எத்தனை ஷாட் என்று பார்ப்பது இந்தத் தற்செயலை வடிகட்டத்தான்.

ஏலம் என்று வந்தால் நிலைமை இன்னும் மோசம். பேசர்மன், சாமுவல்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1983-இல் வெளியிட்ட சோதனை இது. 8 டாலர் மதிப்புள்ள நாணயங்கள் முதலியவற்றை ஜாடியில் போட்டு மாணவர்களை ஏலம் கேட்கச் சொன்னார்கள். மாணவர்கள் மதிப்பிட்டது சராசரியாக 5.13 டாலர்தான். மொத்தத்தில் அடக்கித்தான் வாசித்தார்கள். ஆனாலும் வென்ற ஏலத்தொகையின் சராசரி 10.01 டாலர். ஏனென்றால் ஏலத்தில் ஜெயிப்பது சராசரி ஆள் அல்ல, எல்லோரையும் விட அதிகமாகத் தப்புக்கணக்கு போட்டவர். எண்ணெய்க் கிணறு ஏலங்களில் இதை 1971-லேயே அமெரிக்கப் பொறியாளர்கள் எழுதிவிட்டார்கள். ஆக, உச்சத்தில் இருக்கும் ஆட்டக்காரரை, உச்சமாக மதிப்பிட்ட கிளப் வாங்குகிறது. இறங்குவதைத் தவிர வேறு திசையே இல்லை.

ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதிலும் இதே கதைதான். 1995-இன் போஸ்மான் தீர்ப்புக்குப் பிறகு ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர், பழைய கிளப்புக்கு ஒரு காசு கிடைக்காமலே கிளம்பிப் போகலாம். அந்த பயத்தில் கிளப்புகள் அள்ளிக் கொடுக்கின்றன. 2018 தொடக்கத்தில் அர்செனலிலிருந்து அலெக்சிஸ் சான்செஸ் போய்விட்டார். மெசுட் ஓசிலும் போய்விடுவாரோ என்று வாரத்துக்கு சுமார் 3.5 லட்சம் பவுண்டு கொடுத்துப் பிடித்து வைத்தார்கள். 2020 அக்டோபரில் பிரீமியர் லீக் அணிப் பட்டியலில் அவர் பெயரே இல்லை.

கணக்குப் புத்தகத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். கொடுத்த விலையை ஒப்பந்த ஆண்டுகளால் வகுத்து, ஆண்டுக்கு ஒரு பங்காகத் தேய்மானம் எழுதுவார்கள். லுகாகு 9.75 கோடி, ஐந்து ஆண்டு, ஆண்டுக்கு 1.95 கோடி. ஒரு வருஷம் கழித்துப் புத்தகத்தில் அவர் மதிப்பு 7.8 கோடி. அன்றே 4 கோடிக்கு விற்றால் 3.8 கோடி நஷ்டம் ஒரே ஆண்டில் வெளியே தெரியும், நஷ்ட வரம்பு வைத்திருக்கும் லீக் கேள்வி கேட்கும். அதனால் இரவல் கொடுத்தார்கள். 2022-இல் இன்டருக்கு, 2023-இல் ரோமாவுக்கு. 2024-இல் புத்தக மதிப்பு 3.9 கோடிக்கு இறங்கிய பிறகுதான் நாப்போலிக்கு விற்றார்கள். முட்டாள்தனம் போலத் தெரிந்த அந்த இரண்டு வருஷம் உண்மையில் தேய்மானத்துக்காகக் காத்திருந்தது. இதே சூத்திரத்தைத் தலைகீழாகப் பிடித்து, எட்டரை ஆண்டு ஒப்பந்தம் போட்டு ஆண்டுப் பங்கைக் குறைத்ததும் செல்சீதான். 2023-இல் ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஈஎஃப்ஏ, ஐந்து ஆண்டுக்கு மேல் வகுக்கக் கூடாது என்று கதவைச் சாத்தியது.

புத்தகம் மட்டுமல்ல, மனசும் விடாது. ஸ்டா, ஹோவாங் என்ற இருவர் 1995-இல் அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களை ஆராய்ந்தார்கள். அணிகள் முறை வைத்துப் புது ஆட்டக்காரர்களைப் பொறுக்கும் தேர்வில் முன்னால் எடுக்கப்பட்டவர்களுக்கு, அவர்கள் ஆட்டம் எப்படி இருந்தாலும், அதிக நிமிடம் களத்தில் கிடைத்தது. போட்ட காசுக்காக ஆட வைக்கிறார்கள். இந்த மாதிரி ஆய்வை நம் ஊரில் யார் செய்கிறார்கள்? 2025 ஏலத்தில் ஒரு ஐபிஎல் அணியின் பணப்பை 120 கோடி. அதில் ஒரு சதவீதத்தை நம் பல்கலைக்கழகங்களில் புள்ளியியல் படிக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்தால், மிச்சம் 99 சதவீதத்தை எப்படிச் செலவழிப்பது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

சிக்கிக்கொண்ட ஆட்டக்காரர் திரும்பி எழவே மாட்டாரா? சராசரி என்பது இரண்டு பக்கமும் இழுக்கும். பியர்-எமரிக் ஔபமயாங் அடுத்தடுத்து இரண்டு லீக் சீசன்களில் 22 கோல் அடித்ததும் 2020-இல் அர்செனல் மூன்று ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது. அடுத்த சீசனில் 10. 2022 பிப்ரவரியில் பேசித் தீர்த்து, ஒரு காசு வாங்காமல் பார்சிலோனாவுக்கு அனுப்பினார்கள். ஏழு மாதத்தில் பார்சிலோனா அவரைச் செல்சீக்கு விற்றுக் காசாக்கியது. செல்சீயில் எடுத்துக்கொண்டது அதே 9-ஆம் எண். லீகில் ஒரே ஒரு கோல். அப்புறம் 2023-இல் மார்செய் கிளப்புக்கு இலவசமாகப் போய், 34 வயதில், எல்லாப் போட்டிகளும் சேர்த்து அந்த சீசனில் 30 கோல் அடித்தார். அங்கே அவருக்குக் கொடுத்த சட்டை எண் 10. எண்ணை மாற்றியதால்தான் என்று சொல்ல ஒரு கூட்டம் இந்நேரம் தயாராக இருக்கும்.