வன்னி வரைபடத்தில் கோடு கீறுமுன்

போன கிழமை இரவு எட்டு மணிக்கு ஒட்டுசுட்டானில் இருந்து போன் வந்தது. "தம்பி, ஏதோ ஒரு வெப்சைட்டில இருந்த பாதையைப் பாத்துக்கொண்டு ரெண்டு பெடியள் காட்டுக்குள்ள போய் வழி தெரியாம நிண்டவங்கள். மாடு சாய்க்கப் போன ஐயா ஒருத்தர் கண்டு கூட்டிக்கொண்டு வந்தவர். அது உங்கட வேலையோ?" என்னுடைய தளம் இல்லை. ஆனால் இப்படியொரு போன் எனக்கு வருவது இந்த வருடத்தில் இது மூன்றாவது தடவை. அதனால்தான் எழுதுகிறேன்.

வவுனியாவில் இருந்து வரைபடத் தளங்கள் செய்வதுதான் என் தொழில். எங்கள் ஊர் நடைபாதைகளை எல்லாம் போட்டு, தொட்டால் படமும் தூரமும் வருகிற மாதிரி ஒரு தளம் வேண்டும் என்று இளைஞர்கள் வருவார்கள். நல்ல ஆசை. இரணைமடுக் குளக்கட்டில் விடிய நடந்தவருக்குத் தெரியும், அதை ஊருக்கே காட்டவேண்டும் என்று ஏன் தோன்றுகிறது என்று. ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச உலக வரைபடத்தை அடியில் வைத்து, லீஃப்லெட் என்ற நிரல் தொகுப்பால் மேலே கோடு போடுவதை ஒரு பின்னேரத்தில் பழகிவிடலாம். அதைப்பற்றி நான் இங்கே கதைக்கவில்லை. அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி.

"செய்மதிப் படத்தில தெரியுதுதானே அண்ணை." இந்த ஒரு வசனத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனேன். தெரிகிற கோடெல்லாம் பாதை இல்லை! யானை போய்ப்போய் விழுந்த தடம், முதிரை தறிக்கப் போன உழவு இயந்திரத்தின் தடம், மிதிவெடி அகற்றுபவர்கள் பற்றை வெட்டிய ஒழுங்கை, எல்லாமே மேலிருந்து பார்க்க ஒரே மண்ணிறக் கோடுதான். படம் எடுத்து எத்தனை வருடம் என்பதும் அதில் தெரியாது. சென்ற மாதம் ஒரு மாணவர் என் பக்கத்தில் இருந்து மவுஸால் ஒரு கோட்டின்மேல் கீறிக்கொண்டு வந்தார். பெருப்பித்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு வளைவுகூட இல்லை. வண்டில் பாதை என்றால் பாலை மரத்தைக் கண்டு வளையும், பள்ளத்தைக் கண்டு விலகும். இது அடிமட்டம் வைத்த மாதிரி நேரே போனது. வீட்டில் காட்டச் சொல்லி அனுப்பினேன். அவருடைய மாமா பார்த்த உடனேயே சொல்லிவிட்டாராம், அது சண்டைக் காலத்து மண் அணை என்று. மண் அணைக்கு முன்னால் என்ன புதைத்திருப்பார்கள் என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. அகற்றும் வேலை இன்னும் நடக்கிறது. மிதிவெடி என்று எச்சரிக்கும் சிவப்புப் பலகை இல்லாத இடமெல்லாம் துப்புரவான இடம் என்று நினைக்கவேண்டாம். பலகை விழுந்திருக்கலாம், வெள்ளம் வெடிபொருளை இழுத்து வந்திருக்கலாம். கிராம அலுவலரிடமும் மாவட்டத்தில் மிதிவெடி அகற்றலைக் கவனிப்பவர்களிடமும் கேட்காமல் ஒரு கோடும் ஏற்றாதீர்கள்.

அகலாங்கையும் நெட்டாங்கையும் மாறிப் போட்டால் இரணைமடு வட துருவப் பக்கத்துக் கடலில் போய் நிற்கும். அந்தப் பிழை உடனே கண்ணில் படும், திருத்திவிடலாம். கோடு வடிவாக, சரியான இடத்தில், பொய்யான பாதையாக இருக்கிறதே, அதை எந்தத் திரையும் காட்டித் தராது.

நடந்து பதிந்த தடத்திலும் கவனம் வேண்டும். அடர்ந்த வீரை மரங்களுக்குக் கீழே ஜிபிஎஸ் புள்ளி அங்குமிங்கும் துள்ளும். அந்தப் புள்ளியின் அகலாங்கையும் நெட்டாங்கையும் ஐந்து தசமதானத்தில் எழுதினால் ஒரு மீற்றர் அளவுக்குத் துல்லியம் என்று பொருள். உங்கள் போனுக்கு அவ்வளவு துல்லியம் கிடையாது. அதோடு, எந்த மாதம் நடந்தீர்கள் என்று கட்டாயம் போடுங்கள். ஓகஸ்டில் வெறும் மணலாகக் கிடக்கும் கனகராயன் ஆறு மார்கழியில் ஆளை அடித்துக்கொண்டு போகும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பட்ட பாட்டை மறந்துவிட்டோமா? நான் செய்யும் தளங்களில் நடந்த திகதி இல்லாத கோடு திரைக்கே வராது. குளம் வான் பாயும் மாதங்களில் ஆறு கடக்கும் பாதைகளை மூடிவிடுவேன்.

யார் வேண்டுமென்றாலும் பாதை ஏற்றலாம் என்று பொத்தான் வைத்திருப்பவர்களே, தயவுசெய்து அதை நேரே வெளியிட விடாதீர்கள். அந்த இடத்தை நடந்து அறிந்த ஒருவர் பார்த்த பிறகு வரட்டும். சுண்டிக்குளமும் மடு வீதியும் 2015 முதல் தேசியப் பூங்காக்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அங்கே ஆட்களை அனுப்ப உங்களுக்கு உரிமை இல்லை. காட்டுக்குள் சிக்னல் போய்விடும், ஆகவே வரைபடம் முன்கூட்டியே போனில் இறங்கியிருக்கவேண்டும். ஆனால் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் இலவச சேவையகத்தில் இருந்து மொத்தமாக இறக்குவதற்கு அவர்கள் அனுமதிப்பதில்லை, படத்துண்டுகளை உங்கள் சேவையகத்திலேயே வையுங்கள். அம்புலன்சுக்கான 1990 இலக்கம் ஒவ்வொரு பாதையின் பக்கத்திலும் இருக்கட்டும். யானை நடமாடும் விடியலையும் பொழுதுபடும் நேரத்தையும் எழுத்தில் சொல்லுங்கள், சின்னப் படம் மட்டும் காணாது.

ஏற்கெனவே தளம் வைத்திருப்பவர்கள் இன்றிரவே திறந்து, ஒருவரும் நடக்காத கோடுகளை அழித்துவிடுங்கள். பக்கம் வெறுமையாகத் தெரிந்தால் தெரியட்டும்.

அந்தப் பெடியளைக் கூட்டிவந்த ஐயாவோடு கதைத்தேன். உண்மையான பாதை அந்தக் கோட்டுக்கு மேற்கே, தன்னுடைய பட்டி போகிற வழியில் இருக்கிறதாம். வருகிற ஞாயிறு அவர் முன்னால் நடக்க, நான் பின்னால் பதிந்துகொண்டு போகப்போகிறேன். வர விரும்புபவர்கள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, ரெண்டு போத்தல் தண்ணியோடு வாங்கோ.