இருமலுக்கு ‘பவர்’ மாத்திரை கேட்டு வராதீர்கள்

லிவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக், 500 மில்லிகிராம், ஐந்து மாத்திரை அட்டை, ஐந்தும் காலி. தாராவி தொண்ணூறடி ரோட்டை ஒட்டி நான் வேலை பார்க்கும் மெடிக்கலுக்குப் போன மாதம் வந்த ஒரு அக்கா, அதைக் கவுண்டரில் வைத்து, “இதே மாத்திரை இன்னொரு அட்டை குடுங்க தம்பி. இருமலுக்கு நல்லாக் கேக்குது” என்றார்.

டாக்டர் சீட்டு இல்லை. முதல் அட்டையை வேறு ஒரு கடையில் வாய்வார்த்தையாகக் கேட்டு வாங்கியிருக்கிறார். அடுத்தது பக்கத்து வீட்டில் யாருக்கோ எழுதிக் கொடுத்ததில் மிச்சம். நல்லாக் கேட்கிறது என்றால் மூன்றாவது அட்டை எதற்கு என்று கேட்டேன். “விட்டா திரும்ப வந்துருது.” எத்தனை நாளாக? பிள்ளைகளுக்குப் பரீட்சை நடந்தபோதே இருந்ததாம். கணக்குப் போட்டால் இரண்டு மாதம் தாண்டுகிறது. சாயங்காலம் ஆனால் உடம்பு கனகனவென்று இருக்கும், சோறு இறங்காது என்றார். ஜாக்கெட் கை தொளதொளவென்று தொங்கியது.

மாத்திரை தரவில்லை. அவருக்குக் கோபம், காசு கொடுக்கிறேன், தருவதற்கு என்ன என்று கேட்டார். ‘இரண்டு மாதமாக இருமல், லிவோஃப்ளாக்சசின் இரண்டு அட்டை சாப்பிட்டிருக்கிறார்’ என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, மாநகராட்சி ஹெல்த் போஸ்ட்டுக்குச் சளி சோதனைக்கு அனுப்பினேன். டிபி. பத்துக்குப் பத்து அறையில் அவரோடு படுத்துத் தூங்கிய மூன்று பிள்ளைகளையும் இப்போது சோதிக்க வேண்டியிருக்கிறது.

இது ஒருவர் கதை என்றால் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். தோல் பட்டறையில் வேலை செய்யும் தம்பிகள், இட்லி வியாபாரம் பார்க்கும் அண்ணாச்சிகள், கல்யாணத்துக்குப் பெண் வைத்திருக்கும் வீட்டார் என்று மாதாமாதம் யாராவது இதே மாதிரி அட்டையோடு வருகிறார்கள். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “ரெண்டு நாள்லயே குறைஞ்சிருச்சே, அப்ப டிபியா இருக்காதுல்ல?”

இந்த நினைப்பைத்தான் முதலில் உடைக்க வேண்டும். குறைந்தது என்பதை வைத்து டிபி இல்லை என்று சொல்லவே முடியாது. லிவோஃப்ளாக்சசின் டிபி கிருமியையும் கொல்லும் மருந்து. வழக்கமான டிபி மருந்துகளுக்கு அடங்காத கிருமிக்கு டாக்டர்கள் எடுத்துக் கொடுக்கும் மருந்துகளில் அதுவும் ஒன்று. அதன் உறவுக்கார மருந்தான மாக்ஸிஃப்ளாக்சசின், மருந்துக்கு அடங்காத டிபிக்கு இந்தியா 2024-இல் ஏற்றுக்கொண்ட ஆறு மாதப் புதிய சிகிச்சையில் நான்கில் ஒரு மருந்து. அப்படிப்பட்ட மாத்திரையை ஐந்து நாள் சாப்பிட்டால் இருமல் குறையத்தான் செய்யும். பசி கொஞ்சம் எடுக்கும். சளியில் கிருமி குறைந்துபோவதால் சோதனையில்கூட அகப்படாமல் போகலாம். ‘ஒன்றும் இல்லை’ என்ற காகிதத்தோடு நிம்மதியாக வீட்டுக்குப் போவீர்கள். சாகாமல் மிஞ்சிய கிருமி அதே மருந்துக்குப் பழகிவிடும். பிறகு நோய் முற்றி, உண்மையிலேயே அந்த மருந்து தேவைப்படும் நாளில் அது வேலை செய்யாது. இருமல் குறைந்த அந்த ஐந்து நாளுக்கு நீங்கள் கொடுக்கும் விலை இது.

ஸ்டீராய்டு மாத்திரையும் இதே ரகம். சாப்பிட்டதும் உடம்பு தெம்பாக இருப்பதுபோல் தோன்றும், உள்ளே நோய் வளரும். ‘ஒரு செட் கட்டிக் குடுங்க’ என்று கேட்டு வாங்கும் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் விழுங்கவே விழுங்காதீர்கள்.

மருந்துக் கடைக்காரர்களால்தான் டிபி மருந்து கேட்காமல் போகிறது என்று டாக்டர்கள் சிலர் சொல்வதையும் இங்கே பேசியாக வேண்டும். டெல்லி, மும்பை, பாட்னா மூன்று ஊர்களிலும் பயிற்சி பெற்ற ஆட்களை நோயாளி மாதிரி மருந்துக் கடைகளுக்கு அனுப்பி ஒரு ஆய்வு செய்தார்கள். 622 கடைகள், 1,200 தடவை. 2016-இல் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்தது. டிபிக்கு முதலில் கொடுக்கும் முக்கிய மருந்துகளை ஒரு கடைகூடச் சீட்டில்லாமல் எடுத்துக் கொடுக்கவில்லை. ஆனால் இரண்டு மூன்று வாரமாக இருமல், காய்ச்சல் என்று மட்டும் சொன்னவர்களில் 37 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு ஆன்டிபயாடிக் கிடைத்தது. மருந்து திணிக்காமல் டாக்டரிடம் சரியாக அனுப்பியது 13 சதவீதம்தான். டிபி என்று எழுதிய லேப் ரிப்போர்ட்டைக் கையில் கொண்டுபோனவர்களிடம் அதே ஊர்க் கடைகள் வேறு மாதிரி நடந்தன: சரியாக அனுப்பியது 62 சதவீதம், ஆன்டிபயாடிக் கொடுத்தது 16 சதவீதம்.

இந்த எண்களை நான் படிக்கும் விதம் இது. டிபி என்று தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது பெரும்பாலான கடைக்காரர்களுக்குத் தெரிகிறது. டிபியாக இருக்குமோ என்று கேட்கத்தான் தோன்றவில்லை. ‘எத்தனை நாளா இருமல்?’ என்று ஒரு கேள்வி. அதைக் கேட்கப் பத்து நொடி போதும்.

இந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதற்குத்தான் எத்தனையோ பேர் எத்தனையோ வருடமாக மெனக்கெட்டிருக்கிறார்கள். 2011-இல் ஹைதராபாத்தில் உலக மருந்தாளுநர் கூட்டமைப்பின் மாநாடு நடந்தபோது, உலக சுகாதார நிறுவனமும் அந்தக் கூட்டமைப்பும் சேர்ந்து டிபி ஒழிப்பில் மருந்தாளுநரின் பங்கு என்ன என்று ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டன. அடுத்த வருடம் மத்திய டிபி பிரிவு, மருந்தாளுநர் சங்கம், மருந்து வணிகர் சங்கம் எல்லாம் நம் நாட்டில் ஒப்பந்தம் போட்டன. இந்திய மருந்தாளுநர் சங்கத்தின் தலைமையகம் வேறெங்கும் இல்லை, இதோ நம் மும்பை கலினாவில் இருக்கிறது. 2014-இல் மும்பை மாநகராட்சியோடு பாத் என்ற பன்னாட்டு அமைப்பு கைகோத்து, கேட்ஸ் அறக்கட்டளையின் பணத்தில், தனியார் டாக்டரிடம் போகும் நோயாளிக்கும் வவுச்சர் மூலம் மெடிக்கலிலேயே டிபி மருந்து இலவசமாகக் கிடைக்க வழி செய்தது. நோயாளி எங்கே போகிறாரோ அங்கே மருந்தும் போகட்டும் என்ற யோசனை அது. நான் பார்த்ததில் இதைவிட உருப்படியான யோசனை குறைவு. நம் ஆட்களுக்கு வரிசையில் நின்றால் அரைநாள் கூலி போய்விடும். ராத்திரி பத்து மணிக்கும் திறந்திருப்பது மெடிக்கல்தான்.

உலகம் முழுக்க யாரோ பாடுபட்டு நமக்கு மருந்து வருகிறது என்பதற்கு இன்னொரு உதாரணம் பெடாகுவிலின். மருந்துக்கு அடங்காத டிபிக்கு, பழைய ஊசிக்குப் பதிலாகக் கொடுக்கும் மாத்திரை. அதன் காப்புரிமையை நீட்டிக்க கம்பெனி போட்ட விண்ணப்பத்தை எதிர்த்து 2019-இல் மனு போட்டவர்கள் இரண்டு பெண்கள்: மும்பையின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலே. இரண்டு பேரும் டிபியிலிருந்து மீண்டவர்கள். அந்தக் காலத்து டிபி ஊசியால் காது கேட்காமல் போனவர்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் கம்பெனியின் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தது. அதனால் இங்குள்ள கம்பெனிகளும் அந்த மருந்தைத் தயாரிக்க வழி திறந்தது. தங்கள் காதை இழந்தவர்கள் அடுத்தவர் காதுக்காகப் போராடி வாங்கித் தந்த மருந்து அது. அந்த நிலைக்கே போகாமல் இருக்க வேண்டிய மனிதர், பக்கத்து வீட்டு அட்டையில் மிச்சமிருக்கும் மாத்திரையை விழுங்கி அங்கே போய்ச் சேருவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

என் தொழிலில் இருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். லிவோஃப்ளாக்சசினும் மாக்ஸிஃப்ளாக்சசினும் 2014 மார்ச் 1 முதல் எச்1 அட்டவணையில், அதாவது சீட்டு இருந்தால் மட்டுமே, பதிவு செய்துதான் விற்க வேண்டிய மருந்துகளின் அரசுப் பட்டியலில் இருக்கின்றன. டிபி மருந்துகளும்தான். சீட்டு எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும், மூன்று வருடம் பத்திரமாக இருக்க வேண்டும். டிபி மருந்து கொடுத்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற உத்தரவு 2018-லேயே வந்துவிட்டது. அஸித்ரோமைசின் எச்1-இல் இல்லையே என்று வாதம் செய்யாதீர்கள். அதுவும் சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாத மருந்துதான். மருந்தாளுநர் சர்ட்டிபிகேட்டை மட்டும் கடைச் சுவரில் மாட்டிவிட்டு வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை இல்லை. அந்த எத்தனை-நாள் கேள்வியைக் கேட்கப் படித்தவர் நீங்கள். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அது தெரியாது.

சரி, வாடிக்கையாளர்களுக்கு வருகிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் மாத்திரை கேட்காதீர்கள், சோதனை கேளுங்கள். தாராவியில் இருப்பவர்களுக்கு ஹெல்த் போஸ்ட் இருக்கிறது, சோட்டா சயான் என்று நாம் சொல்லும் மாநகராட்சி சுகாதார மையம் இருக்கிறது, பெரிய சயான் ஆஸ்பத்திரி இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் சோதனையும் மருந்தும் இலவசம். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். அட்டையின் பின்பக்கம் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து. அதைத் தரமாட்டேன் என்று ஒருவர் சொன்னால், அடுத்த கடைக்கு நடக்காதீர்கள்.

டிபி மருந்து தொடங்கியவர்களுக்கு: சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பயந்து நிறுத்தாதீர்கள், அது ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்தின் நிறம். கண் மஞ்சளானாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ரிஃபாம்பிசின் அந்த மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும், வேறு வழி பார்க்க வேண்டும். கூச்சப்பட்டு யாருமே கேட்பதில்லை, டாக்டருக்கும் பல நேரம் கேட்க நேரமில்லை. சர்க்கரை மாத்திரை, இரத்தம் கட்டாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை எது இருந்தாலும் எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து காட்டுங்கள். பார்த்துச் சொல்ல நாங்கள் காசு வாங்குவதில்லை.

பெண்ணுக்குக் கல்யாணம் பேச வேண்டும், வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று பயந்து, இரண்டு ஸ்டேஷன் தள்ளிப் போய் மருந்து வாங்கும் அப்பா அம்மாக்களைக் கைகூப்பிக் கேட்கிறேன்: பதிவு செய்வதால் பெயர் ஊருக்குத் தெரிந்துவிடாது. ஒழுங்காக ஆறு மாதம் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்கு முழுதாகக் குணமாகிவிடும். நடுவில் விட்டால்தான் வருடக்கணக்கில் இழுக்கும்.

கடைசியாக, ஊருக்குப் போகிறவர்கள். லீவு விட்டதும் குடும்பத்தோடு திருநெல்வேலிக்கு ரயில் ஏறுவீர்கள், கோயில் கொடை முடிந்துதான் திரும்புவீர்கள். மாத்திரை மும்பையில் அலமாரியிலேயே இருக்கும். டிக்கெட் எடுத்த உடனே ஹெல்த் போஸ்ட்டில் சொல்லி, போய்வரும் நாளுக்கு வேண்டிய மாத்திரையைச் சேர்த்து வாங்கிவிடுங்கள். டிபிக்குப் பதிவு செய்யும்போது அரசு கொடுக்கும் நிக்ஷய் எண்ணை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் இருந்தால் ஊரில் இருக்கும் அரசு ஆஸ்பத்திரியிலேயே மருந்தைத் தொடரலாம். எண் தெரியவில்லை என்றால், சிகிச்சை அட்டையை எடுத்துக்கொண்டு கவுண்டருக்கு வாருங்கள், எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.