வீட்டிலிருந்தே ஆன்லைனில் விற்க: நெல்லைக்காரர்களுக்கு எந்தப் பதிவு வேண்டும்?

கல்லிடைக்குறிச்சியில் ஒருவர் அப்பளம் இடுகிறார், பத்தமடையில் ஒருவர் கோரைப்பாய் நெய்கிறார், பாளையங்கோட்டையில் ஒருவர் ஊறுகாய் போடுகிறார். மூவரும் வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து கூரியரில் அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூவருக்கும் சட்டம் ஒன்றுபோல் இல்லை. இது தெரியாமல், "முதல்ல ஜிஎஸ்டி எடுத்திருவோம்" என்று ஏஜென்ட்டிடம் போய்ப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் அதிகம். என்ன விற்கிறீர்கள், எந்த மாநிலத்துக்கு அனுப்புகிறீர்கள் என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்யுங்கள்.

பொருள் விற்பவருக்கு, தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால், ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. மாநில எல்லையைத் தாண்டினால் இந்த வரம்பு செல்லாது. செங்கோட்டை தாண்டிக் கேரளாவுக்கு ஒரே ஒரு ஊறுகாய் பாட்டிலை விற்றாலும் பதிவு வேண்டும், ஏனென்றால் ஊறுகாய்க்கு வரி உண்டு. அப்பளத்துக்கு வரியே கிடையாது. வரியில்லாத பொருளை மட்டும் விற்கிறவர் பெங்களூருக்கு அனுப்பினாலும் பதிவு தேவையில்லை. அப்பளத்தோடு ஊறுகாயையும் சேர்த்து வெளிமாநிலத்துக்கு அனுப்பத் தொடங்கினால் அந்தச் சலுகை போய்விடும்.

பாய்க்காரருக்குத் தனிச் சலுகை இருக்கிறது. கோரைப்பாய் கைவினைப் பொருள் பட்டியலில் வருகிறது. அதனால் ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் இருந்தால் வெளிமாநிலத்துக்கும் பதிவில்லாமல் அனுப்பலாம். பான் கார்டு இருக்க வேண்டும், அனுப்பும் சரக்குக்கு இ-வே பில் (சரக்கு போகும் வழிக்கு ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) போட வேண்டும். பத்தமடையில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைக்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது.

மீஷோ போன்ற ஆன்லைன் விற்பனைத் தளங்களில் விற்க முன்பு எல்லோருக்கும் ஜிஎஸ்டி கட்டாயமாக இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், வரம்புக்குள் இருப்பவர் பான் எண்ணை வைத்து ஜிஎஸ்டி தளத்தில் ஒரு பதிவெண் மட்டும் வாங்கிக்கொண்டு விற்கலாம். ஆனால் தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான்.

பதிவு எடுக்கத்தான் வேண்டும் என்றால், வீட்டு முகவரியே போதும். கரண்ட் பில்லோ வீட்டுத் தீர்வை ரசீதோ மாமனார் பேரில் இருந்தால், "இந்த இடத்தில் என் மருமகள் தொழில் செய்ய எனக்குச் சம்மதம்" என்று அவர் கையெழுத்திட்ட கடிதத்தையும் சேர்க்க வேண்டும். அரசுக் கட்டணம் எதுவும் இல்லை. பதிவு எடுத்த பிறகு விற்பனையே நடக்காவிட்டாலும் ரிட்டர்ன் (விற்பனை, வரிக் கணக்கு) போட்டாக வேண்டும். விட்டால் நாள் கணக்கில் அபராதம் ஏறும். அதனால்தான், தேவையில்லாமல் எடுத்து வைக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன்.

உணவு விஷயத்தில் இப்படித் தள்ளிப்போட இடமில்லை. வீட்டு அடுப்பில் செய்து விற்றாலும் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவு வேண்டும். ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் எளிய பதிவு போதும், கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் போட்டோ, அடையாள அட்டையோடு நீங்களே விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணை ஒவ்வொரு பாக்கெட்டிலும் அச்சிட வேண்டும்.

பலர் சிக்குவது இந்த பாக்கெட்டில்தான். 200 கிராம் அப்பளக் கட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சேர்மானங்கள் அதிக அளவில் தொடங்கி வரிசையாக இருக்க வேண்டும்: முதலில் உளுந்து மாவு, கடைசியில் பெருங்காயம். சைவம் என்பதற்குச் சதுரத்துக்குள் பச்சைக் குறி, நிகர எடை, எல்லா வரியும் சேர்த்த எம்ஆர்பி, பேட்ச் எண், தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி, உங்கள் பெயர், முழு முகவரி, புகார் சொல்ல போன் நம்பர் எல்லாம் வேண்டும். "ஹோம் மேட்" என்று ஸ்டிக்கர் ஒட்டினால் இவற்றிலிருந்து விலக்கு கிடைக்காது. எடை, விலை சம்பந்தப்பட்டதைத் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை பார்க்கிறது. பாக்கெட் போட்டு விற்கிறவர் அங்கேயும் பதிய வேண்டும்.

சிறுதொழில்களுக்காக மத்திய அரசு தரும் உத்யம் பதிவு கட்டாயமில்லை, ஆனால் எடுத்து வைப்பது நல்லது. ஆதார், பான் இருந்தால் போதும், காகிதம் எதையும் ஏற்ற வேண்டாம். பாங்கில் கடைப் பேரில் கரண்ட் அக்கவுண்ட் திறக்கவும், கடன் கேட்கவும் அந்தச் சான்றிதழ் உதவும். இது முழுக்க இலவசம். அரசுத் தளம் மாதிரியே தோற்றம் காட்டிப் பணம் கேட்கும் இணையதளங்கள் நிறைய உண்டு, முகவரி அரசுத் தளங்களுக்குரிய 'கவ்.இன்' (gov.in) என்று முடிகிறதா என்று பாருங்கள். தனி ஆளாகத் தொழில் செய்ய கம்பெனி பதிவு எதுவும் தேவையில்லை.

சோப்பு, நலங்கு மாவு, மூலிகைத் தலைமுடி எண்ணெய் செய்கிறவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மேனிக்குப் பூசுகிற பொருளைத் தயாரித்து விற்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். அது தனி இடமும் தகுதியுள்ள ஆளும் கேட்கும், சமையலறையில் நடக்காது. சித்த மருந்து என்று சொல்லி விற்றால் அதற்கு வேறு உரிமம். இன்ஸ்டாகிராமில் இவற்றை விற்கும் பெண்கள் பலரிடம் யாரும் இதைச் சொன்னதே இல்லை. ஏற்கெனவே உரிமம் உள்ள உற்பத்தியாளரிடம் செய்து வாங்கி, அவருடைய பெயர், முகவரி, உரிம எண்ணோடு உங்கள் பெயரையும் போட்டு விற்பதுதான் அவர்களுக்குக் கைக்கு எட்டுகிற வழி.