டைல்ஸ் வாங்கும்போது பெட்டியைப் பாருங்கள்

வீடு கட்டுபவர்கள் என்னிடம் கொண்டுவந்து காட்டும் கொட்டேஷன்களில் ஒரு எண்ணைச் சுற்றி வட்டம் போட்டிருப்பார்கள்: சதுர அடிக்கு இவ்வளவு. கட்டடப் பொறியாளனாக நான் கேட்பது வேறு. பெட்டி என்ன விலை, அதற்குள் எத்தனை சதுர அடி?

ரெண்டுக்கு ரெண்டு என்று நாம் சொல்லும் டைல் 600 மி.மீ. அளவுள்ளது. ரெண்டடி என்றால் 609.6 மி.மீ. இருக்க வேண்டும். அதனால் ஒரு டைல் 4 சதுர அடி வராது, 3.87தான் வரும். நாலு டைல் உள்ள பெட்டிக்கு 15.5 சதுர அடி. இதையே 16 என்று கணக்குப் போட்டு விலை சொல்லும் கடைகள் உண்டு. உதாரணத்துக்கு, ஒருவர் 50 ரூபாய் என்கிறார், 16 கணக்கு. பெட்டி 800 ரூபாய். பக்கத்துக் கடைக்காரர் 51 என்கிறார், 15.5 கணக்கு, பெட்டி 790.50. ஆயிரம் சதுர அடிக்கு 65 பெட்டி எடுத்தால் ‘விலை கூடின’ கடையில்தான் அறுநூறு ரூபாய்க்கு மேல் மிச்சம். வேஸ்டேஜ் தனி. அதோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்த விலையா, இறக்குக் கூலி யார் தலையில் என்பதையும் கேட்காமல் ரெண்டு கொட்டேஷனை ஒப்பிடுவது வீண்.

அப்புறம் எடை. ஷோரூமில் யாரும் இதைக் கேட்பதில்லை, ஆனால் என் அனுபவத்தில் தரம் பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. 9 மி.மீ. கனமுள்ள ரெண்டுக்கு ரெண்டு பெட்டி ஏறக்குறைய 30 கிலோ இருக்கும். 8 மி.மீ. என்றால் 27 கிலோ. அதற்கும் கீழே 25 கிலோ பக்கம் வந்தால் கனத்தைக் குறைத்துத்தான் விலையைக் குறைத்திருக்கிறார்கள். பெட்டியில் அச்சிட்டதை மட்டும் நம்பாமல் கோடவுனில் ஒரு பெட்டியைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும், காசு உங்களுடையது.

போர்சலைன், அதாவது அதிக சூட்டில் சுட்டு இறுகிய டைல், கேட்டால் நம் ஊரில் விட்ரிஃபைட் பக்கம் கூட்டிப் போவார்கள். ரெண்டும் ஒரே குடும்பம்தான். நீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சுவருக்கு ஒட்டும் சாதா செராமிக் 10 சதவீதத்துக்கு மேலும் உறிஞ்சும். டைலைத் திருப்பிப் போட்டு முதுகில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால், செராமிக் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குடித்துவிடும். போர்சலைனில் தண்ணீர் அப்படியே நிற்கும். ஆனால் ஒன்று, இந்தச் சோதனை செராமிக்கைப் பிரித்துக் காட்டுமே தவிர, நல்ல போர்சலைன் எது, சுமாரானது எது என்று சொல்லாது.

அதைச் சொல்வது வளைவு. வெவ்வேறு பெட்டியிலிருந்து ரெண்டு டைலை எடுத்து முகத்தோடு முகம் வைத்து, ஓரத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். நடுவிலோ மூலையிலோ வெளிச்சம் தெரிந்தால், ஒட்டிய பிறகு காலில் இடறும். ரெண்டுக்கு நாலு அளவில் லேசான வளைவு இருக்கத்தான் செய்யும். அதனால்தான் செங்கல் வரிசை மாதிரி பாதிக்குப் பாதி தள்ளி ஒட்டக் கூடாது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளக் கூடாது என்று மேஸ்திரியிடம் சண்டை போடுகிறேன்.

நம் கடைகளின் சரக்கில் பெரும்பங்கு குஜராத்தின் மோர்பியிலிருந்து வருவது. ஒரே ஆலை பல கம்பெனிப் பெயர்களில் பெட்டி அடித்துக் கொடுப்பதும் உண்டு. ஆகவே பெயருக்காக மட்டும் இருபது ரூபாய் கூட்டிக் கொடுக்க நான் சொல்லமாட்டேன். பிரீமியமா, ஸ்டாண்டர்டா, கமர்ஷியலா என்ற கிரேடை பில்லில் எழுதி வாங்குங்கள். பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள். ஒட்டி முடித்து ஹாலில் வெயில் விழும்போது நிற வித்தியாசம் தெரிந்தால், கடைக்காரர் ‘ஒட்டிய டைலுக்கு நாங்கள் பொறுப்பில்லை’ என்பார். அது பில்லிலேயே அச்சாகி இருக்கும்.

பளபளப்பு வேண்டுமென்றால் ஹாலில் போடுங்கள். போர்டிகோ, பாத்ரூம், வாஷிங் ஏரியாவுக்கு மேட் ஃபினிஷ், வழுக்குத் தடை அளவில் R10 அல்லது அதற்கு மேல். ஐப்பசி மழையில் நனைந்த பாலிஷ் டைலில் வயசானவர்கள் நடப்பதை நினைத்துப் பாருங்கள். வாசலில் மணல் மிதிபடும் வீடுகளில் கறுப்புப் பளபளப்பு ஆகவே ஆகாது. மணல் டைலின் மேல்பூச்சான கிளேஸைவிடக் கடினமானது, கீறல் ஒவ்வொன்றும் எடுத்துக் காட்டும்.

பட்ஜெட் இடித்தால் டைலில் ஐந்து ரூபாய் குறையுங்கள், ஒட்டும் பசையில் குறைக்காதீர்கள். தண்ணீரே உறிஞ்சாத முதுகில் வெறும் சிமெண்ட் பால் எப்படிப் பிடிக்கும்? கொஞ்ச நாளில் தட்டினால் டொக் டொக்கென்று கேட்கும், கட்டில் கால் ஊன்றிய இடத்தில் விரிசல் விடும். விட்ரிஃபைடுக்கு ஏற்ற, IS 15477 என்ற இந்தியத் தரக் குறியுள்ள டைல் பசை கேளுங்கள்.

எட்டு முதல் பத்து சதவீதம் கூடுதலாக வாங்கி, ஒட்டியது போக ஒரு பெட்டியாவது பரணில் போட்டு வையுங்கள். அதே டிசைன் ரெண்டு வருஷம் கழித்துக் கிடைப்பது அரிது. அதற்கு மேல் மீந்த முழுப் பெட்டிகளைத் திரும்ப எடுப்பார்களா, எத்தனை நாளுக்குள் என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.