மாணவர் மதிப்பீடா, கற்றல் மதிப்பீடா?

குற்றவியல் நீதி முதுநிலைப் படிப்புகளைப் பற்றித் தமிழில் எழுதுவோர் ‘அசெஸ்மெண்ட் ஆஃப் ஸ்டூடண்ட் லேர்னிங்’ என்னும் தொடரை ‘மாணவர் மதிப்பீடு’ என்று சுருக்கிவிடுவதைப் பலமுறை கண்டாயிற்று. மூலத்தொடரில் மதிப்பிடப்படும் பொருள் கற்றல். மாணவர் அக்கற்றலுக்கு உரியவர், அவ்வளவுதான். தமிழாக்கத்திலோ கற்றல் காணாமற்போய், அது நின்ற இடத்தில் மாணவரே நிறுத்தப்படுகிறார். வேறு துறையில் இதைச் சிறு கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். குற்றவியல் நீதித் துறையில் அப்படி விட இயலாது.

‘அசெஸ்மெண்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குக் கல்வியில் நீண்ட வரலாறு இல்லை. ‘அருகில் அமர்தல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினை அதன் வேர். உரோமானிய நடுவருக்குப் பக்கத்தில் அமர்ந்து சட்ட ஆலோசனை கூறியவர் ‘அசெசர்’ எனப்பட்டார். 15-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இதிலிருந்து வந்த வினை வரியையும் தண்டத்தொகையையும் வரையறுப்பதையே குறித்தது. கல்விக்குள் அது வந்தது 20-ஆம் நூற்றாண்டில்தான். ஆசிரியர் மாணவரின் அருகில் பரிவோடு அமர்வதே இச்சொல்லின் உட்பொருள் என்று சிலர் உருகிப் பேசுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. தமிழில் ‘மதி’ என்னும் வினைக்கு அளவிடுதல், பொருட்படுத்துதல் ஆகிய இரு பொருள்களும் உண்டு. ‘இடு’ என்பது நீண்டு ‘ஈடு’ ஆகி, குறியீடு, முதலீடு, ஒதுக்கீடு என்பவற்றின் வரிசையில் மதிப்பீடு அமைந்தது.

சொல்லில் குறையில்லை; அதற்கு முன் எதை வைக்கிறோம் என்பதில்தான் சிக்கல். முதுநிலைப் படிப்பொன்று தன் மாணவர்களின் கற்றலை மதிப்பிடும்போது, குறிப்பிட்ட ஒருவர் தேறினாரா என்று கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு மதிப்பெண் இருக்கிறது. ஆய்வேடுகள், படிப்பு முழுவதையும் தழுவிய விரிநிலைத் தேர்வின் விடைகள், கொள்கைப் பகுப்பாய்வுக் கட்டுரைகள் ஆகியவற்றிலிருந்து ஒரு பகுதியை எடுத்து, முன்கூட்டியே வகுத்த அளவுகோலைக் கொண்டு பலர் படித்துப் பார்த்து, இப்படிப்பை முடித்துச் செல்வோரால் ஆய்வு வடிவமைக்க முடிகிறதா, புள்ளியியல் முடிவுகளை ஐயத்தோடு அணுக முடிகிறதா, காவல், நீதிமன்றம், சிறைத்திருத்தம் ஆகிய மூன்றையும் இணைத்துச் சிந்திக்க முடிகிறதா என்று காண்பதே இங்கு நடக்கும் வேலை. குறை தெரிந்தால் திருத்தப்பட வேண்டியது பாடத்திட்டமே. மாணவரை மதிப்பிடுவதாகச் சொல்லிவிட்டால், படிப்பு தன்மீது சுமத்திக்கொள்ள வேண்டிய பொறுப்பு மாணவர்மீது சுமத்தப்படுகிறது. இதற்கும் மேலாக, இத்துறையில் ஆளையே மதிப்பிடும் நடைமுறை ஒன்று உண்மையாகவே இருக்கிறது: பிணையில் விடலாமா, முன்கூட்டி விடுதலை செய்யலாமா என்று முடிவெடுக்க உதவும் இடர் மதிப்பீடு. அங்கே ஆளே பொருள், இங்கே அப்படியில்லை. ஒரே பாடநூலில் ‘கைதி மதிப்பீடு’, ‘மாணவர் மதிப்பீடு’ என்னும் இரண்டும் அடுத்தடுத்து வந்தால் படிப்பவர் இரண்டையும் ஒரே வகைச் செயலாகத்தான் எடுத்துக்கொள்வார்.

‘மதிப்பீடு’ என்பதற்கு மாற்றாக இலங்கைக் கல்வி வழக்கில் நிலைபெற்றுள்ள ‘கணிப்பீடு’ என்னும் சொல்லைச் சிலர் முன்வைக்கின்றனர். அவர்களுடைய வாதத்தில் உண்மை இருப்பதை மறுக்க இயலாது. சான்றுகளைத் திரட்டி அளந்தறிவது ஒரு செயல். திரட்டியதைக் கொண்டு தகுதியை உரைப்பது இன்னொரு செயல். முன்னதைக் கணிப்பீடு என்றும் பின்னதை மதிப்பீடு என்றும் அங்கே பிரித்து வழங்குகின்றனர். தமிழகத்திலோ பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீடு, பருவ முடிவில் செய்யும் தொகுத்தறி மதிப்பீடு என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டு, வரவுசெலவுத் திட்ட மதிப்பீட்டையும் அதே கூடையில் சேர்த்துவிட்டோம். பிரிக்க வேண்டும் என்பதில் எனக்கு அவர்களோடு உடன்பாடே. பிரிப்பதற்கு எடுத்த சொல்லில்தான் உடன்பாடில்லை.

கணித்தல் என்பது கணக்கிடுதலையும் குறிக்கும், வருவதுரைத்தலையும் குறிக்கும். கணியன் சாதகம் கணிப்பவன். இன்றைய வழக்கிலும் வானிலைக் கணிப்பு, தேர்தல் கணிப்பு என்று எதிர்காலத்தை நோக்கியே சொல் சாய்ந்திருக்கிறது. கணக்குப் பாடத்துக்கோ மொழிப் பாடத்துக்கோ இந்தச் சாய்வு பெரிய இடையூறாக இராது. குற்றவியல் நீதியில் எதிர்வுரைத்தல் என்பது தனியொரு ஆய்வுப் பிரிவு. அதுவும் கடும் சர்ச்சைக்குரிய பிரிவு. சமூகவியலாளர் எர்னஸ்ட் பர்ஜெஸ் 1928-இல் இல்லினாய் மாநிலச் சிறைகளிலிருந்து பரோலில் விடப்பட்ட 3000 பேரின் பதிவுகளை ஆராய்ந்து, 21 காரணிகளைக் கொண்டு யார் மீண்டும் தவறுவார் என்று முன்னறிய முயன்றது முதல், இன்றைய கணினிவழி மீள்குற்றக் கணிப்பு வரை அதன் வரலாறு நீள்கிறது. ‘கணிப்பு’ என்னும் சொல் இந்த வேலைக்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது. அதையே ஆய்வேட்டைப் படித்துப் பார்க்கும் வேலைக்கும் வழங்கினால், முடிந்துபோன கற்றலை அளக்கிறோமா, வரப்போகும் நடத்தையை ஊகிக்கிறோமா என்னும் வேறுபாடு அழிந்துவிடும். ‘ஈடு’ சேர்ந்துவிட்டதால் எதிர்காலப் பொருள் நீங்கிவிடும் என்பார்கள். ஒட்டு மாறினாலும் அடிச்சொல்லின் சாயல் போகாது.

எனவே அளந்தறியும் செயலுக்குக் ‘கற்றல் மதிப்பீடு’ என்றும், படிப்பின் தகுதியை உரைக்கும் செயலுக்குப் ‘படிப்பு மதிப்பாய்வு’ என்றும், தனியொருவரின் விடைத்தாளுக்கு ‘மதிப்பெண் இடுதல்’ என்றும் வழங்குவதே தெளிவு. மூன்றும் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொற்களால் ஆனவை; எதையும் புதிதாக உருக்கி வார்க்க வேண்டியதில்லை. ‘அசெஸ்மெண்ட்’ என்றே எழுதிவிட்டுப் போவோருக்குச் சொல்ல எதுவுமில்லை, அவர்கள் மொழிபெயர்க்கவே இல்லை.

இலங்கை வழக்கிடம் கடன் வாங்க வேண்டிய சொல்லும் ஒன்று உண்டு. படிப்பின் முடிவில் மாணவர் பெற்றிருக்க வேண்டியதை அங்கே ‘கற்றற்பேறு’ என்கின்றனர். நாம் ‘கற்றல் விளைவு’ என்கிறோம். குற்றத்தின் விளைவு, தண்டனையின் விளைவு என்று பக்கத்துக்குப் பக்கம் வரும் துறையில், பெற்றதைச் சொல்லப் பேறு இருக்க விளைவை ஏன் பிடித்துத் தொங்க வேண்டும்?

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதற்பொருளோடு நிறைவடைவதால் நேரும் குழப்பத்துக்கு இன்னும் மோசமான எடுத்துக்காட்டு, கற்றல் மதிப்பீட்டில் வரும் ‘நேரடிச் சாட்சியம்’, ‘மறைமுகச் சாட்சியம்’ என்னும் தமிழாக்கங்கள். மதிப்பீட்டுக் கலையில் மாணவர் எழுதிய ஆய்வேடு நேரடியானது. தாம் என்ன கற்றதாக அவரே படிவத்தில் சொல்வது மறைமுகமானது. சட்டத்திலோ, கண்டதைக் கண்டவர் தம் வாயால் சொல்வது நேரடிச் சாட்சியம். பிற பொருள்களையும் நிகழ்வுகளையும் வைத்து ஊகித்தறிவதுதான் அங்கே மறைமுகமானது; அதன் பெயர் சூழ்நிலைச் சாட்சியம். ஏறத்தாழத் தலைகீழான இவ்விரு பிரிவுகளுக்கும் ஒரே பெயரைச் சூட்டி, சான்றுச் சட்டம் படித்துவிட்டு வரும் மாணவரிடமே நீட்டுகிறோம். சாட்சியத்தை நீதிமன்றத்துக்கே விட்டுவிட்டு, இங்கே ‘ஆக்கச் சான்று’ என்றும் ‘கூற்றுச் சான்று’ என்றும் எழுதலாம்.