உம்கெனியின் வண்டலும் வெள்ளமும்

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள கரும்புத் தோட்டங்களுக்கு 1860 நவம்பரில் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களாக ட்ரூரோ கப்பலில் வந்திறங்கியவர்களிலும் அவர்களுக்குப் பின் வந்தவர்களிலும் பலர், ஒப்பந்தக் காலம் முடிந்ததும் ஊர் திரும்பாமல், டர்பனை ஒட்டிய ஆற்றோரத் தாழ்நிலங்களில் குத்தகைக்கு நிலம் பிடித்துக் கீரையும் மிளகாயும் கத்தரியும் பயிரிட்டனர். உம்கெனி ஆற்றங்கரையின் ஸ்பிரிங்ஃபீல்டு தாழ்நிலம் அவ்வாறு தமிழர் பலர் குடியேறிய இடங்களுள் ஒன்று. அந்த மண்ணை விளைநிலமாக்கியதும், அதன் மேல் கட்டிய வீடுகளை அடித்துச் சென்றதும் ஆற்றின் ஒரே இயக்கமே.

உம்கெனியின் நீளம் சுமார் 232 கிலோமீட்டர்தான். ஆனால் அது 1,800 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ள சதுப்பு நிலத்தில் பிறக்கிறது. சராசரியாகக் கிலோமீட்டருக்கு ஏழு மீட்டருக்கு மேல் அது இறங்குகிறது. காவிரியோ தலைக்காவிரியிலிருந்து கடல் வரை கிலோமீட்டருக்கு இரண்டு மீட்டர்கூட இறங்குவதில்லை. சரிவு மிகுந்தால் வேகம் மிகும்; வேகம் இருமடங்கானால் நீரோட்டம் உருட்டக்கூடிய கல்லின் எடை ஏறத்தாழ 64 மடங்காகும் என்பது நீரியலின் பழைய விதி. எனவே மலைப்பகுதியில் அரித்தெடுத்த மண்ணை உம்கெனி தாராளமாகச் சுமந்து வருகிறது.

கடலை நெருங்கியதும் சரிவு தளர்கிறது, சுமக்கும் வலிமையும் குறைகிறது. வெள்ளக் காலத்தில் கரை மீறிப் பரவும் நீரில் பருமணல் கரையோரத்திலேயே படிய, நுண்ணிய வண்டல் மட்டும் மிதந்து சென்று, நீர் அசைவற்று நிற்கும் உட்புறத் தாழ்வில் மெல்லப் படிகிறது. இந்த நுண்துகள்கள் ஈரத்தையும் தாதுச் சத்துகளையும் பிடித்து வைப்பதால், அங்கே கீரைப் பாத்தி செழிக்கிறது. இத்தகைய மண் ஓரிடத்தில் இருக்கிறதென்றால் வெள்ளம் அங்கே பலமுறை வந்து நின்றிருக்கிறது என்று பொருள். வேறு நிலத்துக்கு வழியில்லாத குத்தகைக்காரர்கள் அதை அறிந்தே அங்கு குடியிருந்திருப்பார்கள் என்றே நான் கருதுகிறேன்.

முகத்துவாரத்தில் மற்றொரு சிக்கல் உண்டு. அலைகள் கடற்கரை நெடுக மணலை வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. மழை குறைந்த மாதங்களில் ஆற்றின் விசை தளரும்போது அந்த மணல் வாயிலில் திட்டாகச் சேர்ந்து வழியைக் குறுக்குகிறது. திடீரெனப் பெருவெள்ளம் வரும்போது, திட்டை உடைத்து வழியை அகலமாக்கும் வரை நீர் பின்னோக்கித் தேங்குகிறது. கடலில் ஏற்றம் இருந்தால் தேக்கம் இன்னும் மிகும். 1917 அக்டோபர் இறுதியில் ஆறு பெருகித் தாழ்நிலக் குடியிருப்புகளை மூழ்கடித்தபோது, படவட்டான் குழுவினர் என்று இன்றும் போற்றப்படும் இந்திய மீனவர்கள் அறுவர், வலை வீசப் பயன்படுத்திய மரப்படகில் மீண்டும் மீண்டும் சென்று 176 பேரைக் கரை சேர்த்தனர். அருகிலுள்ள உம்பிலோ ஆறும் இவ்வாறே. அதன் கரையில் 1875இல் எழுந்த அம்பலவாணர் ஆலயத்தை 1905ஆம் ஆண்டு வெள்ளம் அடித்துச் சென்றதால், அது பின்னர் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் எழுப்பப்பட்டது.

1987 செப்டம்பர் வெள்ளம் உம்கெனி முகத்துவாரத்தில் மரங்களோடு நின்றிருந்த தீவையே அரித்துவிட்டது. அதன் பின் 1989இல் முடிந்த இனாண்டா அணையும் அதற்கு முன் மேலே கட்டிய அணைகளும் நீரோடு வண்டலையும் மணலையும் தடுத்து நிறுத்துவதால், தாழ்நிலத்துக்குப் புதிய மண் வருவது அருகிவிட்டது. ஆற்று மணலை நம்பியிருந்த டர்பன் கடற்கரைக்கும் அந்த வரத்து குறைந்துள்ளது.