ஸ்டாண்ட் யுவர் கிரவுண்ட்: தமிழில் எப்படிச் சொல்வது?

2023 ஜூன் தொடக்கத்தில் ஃபுளோரிடாவின் ஒகாலா ஊரிலிருந்து ஒரு செய்தி வந்தது. நான்கு பிள்ளைகளின் தாய், கறுப்பினப் பெண். பக்கத்துப் புல்வெளியில் விளையாடிய தன் பிள்ளைகளிடம் அண்டை வீட்டு வெள்ளைக்காரப் பெண் தகராறு செய்தார் என்று தெரிந்து, என்னவென்று கேட்கப் போனார். கதவைத் தட்டினார். கதவு திறக்கவில்லை. அந்த மூடிய கதவைத் துளைத்துக்கொண்டு குண்டு வந்தது. அவருடைய மகன் அப்போது அருகில்தான் நின்றிருந்தான். சுட்டவர் கைதாக நான்கு நாள் ஆயிற்று. ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டவர்களுக்கு, அந்த மாவட்டக் காவல் தலைவரான ஷெரிஃப் 'ஸ்டாண்ட் யுவர் கிரவுண்ட்' சட்டத்தைக் காட்டினார். உயிருக்கு ஆபத்து என்று அஞ்சுபவர் விலகிப் போக வேண்டியதில்லை, நின்ற இடத்திலேயே திருப்பித் தாக்கலாம் என்கிற சட்டம் அது.

அந்தச் செய்தியைத் தமிழாக்கிக்கொண்டிருந்த தம்பி என்னிடம் கேட்டார்: "அண்ணா, 'உன் நிலத்தில் நில்' சட்டம்னு போட்டுடட்டுமா?"

வேண்டாம் என்றேன். ஆனால் அதற்குப் பதிலாக என்ன போடுவது என்று எனக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து யோசித்ததுதான் இது.

முதலில் 'கிரவுண்ட்'. இங்கே அது பட்டா போட்ட நிலம் இல்லை. ஒருவர் கால் ஊன்றி நிற்கும் இடம். தமிழில் நிலம், நிலை இரண்டுமே 'நில்' என்ற வேரில் பிறந்தவை என்பதால் நமக்கு ஏமாற வாய்ப்பு அதிகம். 'உன் நிலத்தில் நில்' என்று படிப்பவர், சொந்த வீட்டுக்குள் புகுந்தவனைத் தடுக்கும் சட்டம் என்றுதான் எடுத்துக்கொள்வார். உண்மை நேர் எதிர். இந்தச் சட்டம் முக்கியமாக வீட்டுக்கு வெளியே உள்ள இடங்களுக்கானது. தெரு, கடை, வண்டி நிறுத்துமிடம் என்று நீங்கள் சட்டப்படி இருக்கலாம் என்ற எந்த இடத்துக்கும் பொருந்தும்.

தொடர் பிறந்தது போர்க்களத்தில். எதிரி வரும்போது அணி கலையாமல் நின்ற இடத்தில் நில் என்ற கட்டளை அது. அமெரிக்கர்களுக்கு இதில் தனி உணர்வு உண்டு. 1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டன் திடலில், பிரிட்டிஷ் படை எதிரே வர, ஊர்ப்படைத் தலைவர் ஜான் பார்க்கர் தன் ஆட்களிடம் சொன்னதாக ஒரு வாக்கியம் வழங்குகிறது. அந்தத் திடலில் கல்லிலும் வெட்டி வைத்திருக்கிறார்கள். "நின்ற இடத்தில் நில்லுங்கள். அவர்கள் சுடாதவரை சுடாதீர்கள்" என்று தொடங்குகிறது அது. அந்த இரண்டாவது வாக்கியத்தை ஒரு முறை திரும்பப் படியுங்கள். போர் தொடங்கப்போகும் நொடியில், ஒரு படைத்தலைவன் தன் வீரர்களுக்குப் போட்ட கட்டுப்பாடு அது. 230 ஆண்டு கழித்துச் சட்டம் எழுதியவர்கள் முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

சட்டத்துக்குள் இந்தத் தொடர் எப்படி வந்தது? இங்கிலாந்தின் பழைய பொதுச்சட்டம் தற்காப்பை ஒப்புக்கொண்டது. ஆனால் ஓர் உயிரை எடுப்பதற்கு முன், தப்பிக்க வழி இருந்தால் விலகிப் போக வேண்டும் என்றது. முதுகு சுவரில் முட்டும்வரை பின்னே போ, அதற்கு மேல் வழியே இல்லை என்றால்தான் கொல்லலாம். 'ரிட்ரீட் டு தி வால்' என்பது அதனால் வந்த வழக்கு. இதற்கு விலக்குப் பெற்ற ஒரே இடம் வீடு. 1604ஆம் ஆண்டு செமெய்ன் வழக்கைப் பதிவு செய்த ஆங்கிலச் சட்ட அறிஞர் எட்வர்ட் கோக், அவரவர் வீடு அவரவர்க்குக் கோட்டை என்று எழுதினார். காவலுக்கு மட்டுமல்ல, இளைப்பாறவும்தான் என்றும் சேர்த்தார். 'காஸில் டாக்ட்ரின்' என்பது இதுதான். தமிழில் 'வீட்டரண் நெறி' என்றால் அழகாகப் பொருந்தும்.

அமெரிக்காவுக்குப் போனதும் சுவர் வரை பின்னே போகிற பேச்சு பிடிக்காமல் போயிற்று. 1876இல் ஒஹையோ உச்ச நீதிமன்றம், தவறு செய்யாத 'ட்ரூ மேன்' தன்னைத் தாக்க வருபவனிடமிருந்து ஓட வேண்டியதில்லை என்றது. பழைய ஆங்கிலச் சட்ட வழக்கில் 'ட்ரூ மேன்' என்றால் நேர்மையானவன், குற்றமற்றவன். அமெரிக்கக் காதில் அது ஆண்மையுள்ளவன் என்று விழுந்தது. அடுத்த ஆண்டே இண்டியானா நீதிமன்றம், தாக்கப்பட்டவன் ஓட வேண்டும் என்ற விதி அமெரிக்க மனப்போக்குக்கு ஒவ்வாதது என்று எழுதியது. ஒரு மாட்டுத் தகராறு கொலையில் முடிந்து, நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய், 1895இல் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பில் 'ஸ்டாண்ட் ஹிஸ் கிரவுண்ட்' என்ற சொற்களே வந்துவிட்டன. ஆக, தொடர் பழையது.

புதியது 2005. துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசிய ரைஃபிள் சங்கத்தின் முன்னாள் தலைவர் மேரியன் ஹேமர் முன்னின்று தள்ள, ஃபுளோரிடா செனட்டில் ஓர் எதிர்வாக்குகூட இல்லாமல் சட்டம் நிறைவேறியது. ஆளுநர் ஜெப் புஷ் கையெழுத்திட்டார். இது வெறும் தற்காப்பு வாதம் இல்லை. நீதிமன்றத்தில் 'தற்காப்புக்காகச் செய்தேன்' என்று சொல்லித் தப்பிப்பது வேறு, வழக்கே தொடரக் கூடாது என்ற பாதுகாப்பு வேறு. ஃபுளோரிடா கொடுத்தது இரண்டாவதை. 2017இல் இன்னும் ஒரு படி போய், விசாரணைக்கு முந்தைய கட்டத்திலேயே இது தற்காப்பு இல்லை என்று நிறுவும் பொறுப்பை அரசுத் தரப்பின் தலையில் வைத்தார்கள். இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் இந்த நெறி இருக்கிறது.

சட்டம் கேட்பது 'நியாயமான அச்சம்' ஒன்றைத்தான். உயிருக்கு ஆபத்து என்று நீ நியாயமாக நம்பினாயா? சரி, அந்த அச்சத்தை யார் சாட்சி சொல்வது? சுட்டவர் இருக்கிறார். எதிரே நின்றவர் இல்லை. யாரைக் கண்டால் ஒருவருக்கு அச்சம் வருகிறது என்பதில் அந்த நாட்டின் நிறவெறி வரலாறு முழுவதும் உட்கார்ந்திருக்கிறது.

2012 பிப்ரவரி 26, ஃபுளோரிடாவின் சான்ஃபோர்ட். கறுப்பினச் சிறுவன் ட்ரேவான் மார்ட்டினுக்கு வயது 17. கடைக்குப் போய் மிட்டாய்ப் பொட்டலமும் ஒரு பானமும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தான். குடியிருப்பைக் கண்காணிக்கும் தன்னார்வலர் ஒருவர் அவனைச் சந்தேகித்துப் பின்தொடர்ந்தார். கைகலப்பு, ஒரு தோட்டா. ஆறு வாரத்துக்கும் மேல் கைது இல்லை. மறு ஆண்டு சுட்டவருக்கு விடுதலை. அவர் தரப்பு இந்தச் சட்டத்தின் சிறப்புப் பாதுகாப்பைக் கோரவே இல்லை. ஆனாலும் ஜூரி எனப்படும் நடுவர்களுக்குத் தரப்பட்ட அறிவுரையில், பின்வாங்கும் கடமை இல்லை, நின்ற இடத்தில் நிற்கலாம் என்ற சொற்கள் இருந்தன.

சட்டம் வந்தபின் ஃபுளோரிடாவில் கொலைகள் 24 விழுக்காடும், துப்பாக்கிக் கொலைகள் 32 விழுக்காடும் அளவில் உயர்ந்ததாக மருத்துவ இதழ் ஒன்றில் 2017இல் வந்த ஆய்வு கண்டது. ஒப்பிட்டுப் பார்த்த, இந்தச் சட்டம் இல்லாத மாநிலங்களில் அப்படி ஏறவில்லை. அச்சம் வந்த நொடியில் கையில் துப்பாக்கியும் இருந்துவிடுகிறதே, அதுதான் விஷயம். 2018 மதிப்பீட்டின்படி அமெரிக்காவில் 100 பேருக்கு 120 துப்பாக்கிகள்.

சொல்லுக்கும் உயிருக்கும் எவ்வளவு தூரம் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவன் யோஷிஹிரோ ஹத்தோரி. வயது 16, நகோயாவிலிருந்து படிக்க வந்த பையன். 1992 அக்டோபர், லூசியானாவின் பேட்டன் ரூஜ். ஹாலோவீன் விருந்துக்குப் போனவன், சில வீடு தள்ளி வேறொரு வீட்டு மணியை அடித்துவிட்டான். வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வந்து 'ஃப்ரீஸ்' என்றார். அசையாதே என்று பொருள். விருந்துக்கு வந்தோம் என்று சொல்லிக்கொண்டே அவன் முன்னே வந்தான். அந்தச் சொல் அவனுக்குப் புரியவில்லை, 'ப்ளீஸ்' என்று காதில் விழுந்திருக்கலாம் என்று பின்னால் பலர் எழுதினார்கள். சுட்டவர் விடுதலையானார். பையனின் பெற்றோர் துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்டு ஜப்பானில் 17 லட்சம் கையெழுத்துத் திரட்டி அதிபர் கிளிண்டனைச் சந்தித்தார்கள். இது வீட்டரண் நெறியின் கீழ் நடந்தது. 2005 சட்டம் அந்த வாசற்படியைத் தெரு முழுவதற்கும் நீட்டியது.

இனி தமிழ். 'தற்காப்புச் சட்டம்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது போதாது. தற்காப்பு உரிமை இந்தியாவிலும் உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை, இப்போதைய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள். ஆனால் காவல்துறை போன்ற பொது அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை, தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் கூடாது என்ற வரம்பும் அங்கேயே இருக்கிறது. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் வாசகர் குழம்புவார்.

'பின்வாங்காமைச் சட்டம்' பொருளில் சரி. ஆனால் பின்வாங்காமை, புறமுதுகு காட்டாமை எல்லாம் தமிழில் வீரத்தின் சொற்கள். போரில் முதுகில் புண்பட்டவனுக்குச் சங்கப் பாடல்களில் என்ன மதிப்பு என்று நமக்குத் தெரியும். அந்தப் பெருமையை, கதவு தட்டியவரைச் சுட்டவருக்கு நாமாக ஏன் தூக்கிக் கொடுக்க வேண்டும்?

நம்மிடம் வேறு சொல் இருக்கிறது. 'துஷ்டனைக் கண்டால் தூர விலகு.' விலகுவதில் தமிழுக்கு வெட்கமே இல்லை, அது புத்தி. சுவர்வரை பின்னே போகச் சொன்ன பழைய விதிக்கு 'விலகற் கடமை' என்று பெயர் வைத்தால், அதை நீக்கிய சட்டம் 'விலகாத் தற்காப்புச் சட்டம்'. அழியாப் புகழ், வாடாப் பூ போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அதனால் வல்லினம் மிகும். இந்தப் பெயர் வீரத்தைச் சொல்லவில்லை, எது இல்லாமல் போனது என்பதைச் சொல்கிறது.

ஒகாலா வழக்கில் 2024இல் தீர்ப்பு வந்தது. நடுவர்கள் தற்காப்பு வாதத்தை ஏற்கவில்லை, 25 ஆண்டுச் சிறை. அந்தச் செய்தியில் தம்பி எழுதிய வரி இது: "தாக்கப்படுவோம் என்று அஞ்சுபவர் விலகிச் செல்ல வேண்டியதில்லை என்று கூறும் விலகாத் தற்காப்புச் சட்டம் ஃபுளோரிடாவில் 2005 முதல் அமலில் உள்ளது." தலைப்பில் அடங்காது என்றார். உள்ளே இரண்டாம் பத்தியில் வைத்தோம்.